பாதியில் நின்ற பட்டம்: மீதி எவ்வளவு?



உங்கள் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். குடும்ப அட்டையின் நகல், வீட்டுவரி ரசீது, பழைய நிக்காஹ் அழைப்பிதழ் ஆகியவற்றுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கக்கூடும். அதற்குள் கல்லூரி முத்திரையுடன் மூன்று அல்லது நான்கு மதிப்பெண் பட்டியல்கள் இருக்கும். ஐந்தாவது பட்டியல் இராது. இரண்டாம் ஆண்டில் நல்ல சம்பந்தம் வந்தது, பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள். அல்லது தகப்பனார் நோயில் விழுந்தார், மகன் படிப்பை விட்டுவிட்டு வளைகுடாவுக்கு விமானம் ஏறினான். காரணம் எதுவாயினும், பட்டம் பாதியில் நின்றது.

"படித்தது படித்ததுதான், இனி அதைப் பற்றிப் பேசி என்ன பயன்?" என்று வீட்டார் அந்த உறையை மூடிவைத்துவிடுகிறார்கள். ஆனால் அண்மைக் காலமாக வேறொரு பேச்சு நம் செவிகளில் விழுகிறது. "பழைய படிப்பின் கிரெடிட்டை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றலாம். மீதியை மட்டும் படித்தால் போதும். செலவும் குறைவு" என்கிறார்கள். இந்தப் பேச்சில் உண்மை உண்டு. எனினும் முழு உண்மை இல்லை. அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டி, பின்னர் கைபிசையும் குடும்பங்களும் உண்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அறிவுக்குச் செலவிடும் பணத்தை அளந்து செலவிட வேண்டாமா? அதற்கான கணக்கை உங்களோடு அமர்ந்து போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிரெடிட் என்பது என்ன?

ஒரு பாடத்தைக் கற்பதற்கு எவ்வளவு நேரம் தேவையோ, அதை அளக்கும் படியே கிரெடிட். தமிழில் மதிப்பலகு எனலாம். நேரடிக் கல்லூரிகளில், வாரம் ஒரு மணி வீதம் ஒரு பருவம் முழுவதும் நடைபெறும் வகுப்பு, ஏறத்தாழ 15 மணி நேரம், ஒரு கிரெடிட்டாகக் கொள்ளப்படுகிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், மாணவர் வீட்டில் படிக்கும் நேரத்தையும் சேர்த்து 30 மணி நேரத்தை ஒரு கிரெடிட்டாகக் கணக்கிடுகிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்றைய வரையறைப்படி, மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட்டுகள் வேண்டும். ஓராண்டுக்கு 40 எனக் கொள்க. தமிழகத்தின் பல பல்கலைக்கழகங்களில் இது 140 என இருக்கிறது. எனவே இரு பல்கலைக்கழகங்களின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துவிடுவது சரியான கணக்கு ஆகாது.

இன்னொன்றையும் மனத்தில் இருத்துங்கள். தேர்வெழுதித் தேறிய பாடத்துக்கே கிரெடிட் உண்டு. நான்கு மாதம் வகுப்புக்குச் சென்று, தேர்வுக்கு முன் நின்றுவிட்டால் அந்தப் பருவத்துக்கு ஒன்றும் கிடைக்காது. அரியர் விழுந்த பாடத்துக்கும் அப்படியே.

கையிருப்பு வேறு, செல்லுபடி வேறு

நம்மில் பெரும்பாலோர் செய்யும் தவறு இங்கேதான் தொடங்குகிறது. "என் மகள் நான்கு பருவம் முடித்தாள். 80 கிரெடிட் இருக்கிறது. 120-இல் 80 போக மீதி 40. ஓராண்டில் முடித்துவிடுவாள்" என்று தகப்பனார் கணக்கிடுகிறார். கழித்தலில் பிழை இல்லை. ஆனால் அந்த 80-ஐயும் புதிய பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

கிரெடிட் மாற்றம் நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ள நாடு அமெரிக்கா. அங்கே சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டுகள் குறைந்த செலவில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு மாறி மீதியை முடிப்பது இலட்சக்கணக்கானோர் பின்பற்றும் வழி. அங்கேகூட நிலைமை எப்படி? அந்நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை கல்வி நிறுவனம் மாறிய மாணவர்கள், தாங்கள் ஈட்டிய கிரெடிட்டுகளில் சராசரியாக 43 விழுக்காட்டை மாற்றத்தில் இழந்தனர் என்பது அதன் மதிப்பீடு. பழகிய நாட்டிலேயே பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பறிபோகிறது என்றால், இப்போதுதான் பழகத் தொடங்கியிருக்கும் நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

நம் நாட்டில் 2021 ஜூலையில் மானியக் குழு கிரெடிட் வங்கிக்கான விதிமுறைகளை வெளியிட்டது. வங்கியில் பணம் சேர்வதுபோல மாணவர் ஈட்டிய கிரெடிட்டுகள் அவர் பெயரில் சேரும். டிஜிலாக்கர் வழியாக 12 இலக்க அடையாள எண் பெறலாம். அபார் எண் என்று இப்போது சொல்லப்படுவது இதுவே. இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் நான்கு நிபந்தனைகளை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, 2021–22 கல்வியாண்டு முதல் ஈட்டியவையே இவ்வங்கிக்கு உரியவை. 2015-இல் படிப்பை நிறுத்திய சகோதரிக்கு இந்தக் கணக்கில் இருப்பு இராது. அவர் தம் பழைய மதிப்பெண் பட்டியல்களைக் காட்டி, புதிய பல்கலைக்கழகத்தின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியவர்.

இரண்டாவது, சேர்ந்த கிரெடிட்டுக்கும் ஆயுள் உண்டு. அதிகபட்சம் ஏழு ஆண்டுகள். 2022-இல் ஈட்டியதை 2029-க்குள் பயன்படுத்தியாக வேண்டும்.

மூன்றாவது, பட்டம் வழங்கும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதி கிரெடிட்டுகளை ஈட்ட வேண்டும். 120-இல் 60 அங்கேயே படித்தாக வேண்டும். ஆக, 80 வைத்திருக்கும் மகளுக்கும் அதிகம் போனால் 60-தான் கழியும். மீதி 40 என்று தகப்பனார் போட்ட கணக்கு, இந்த ஒரு விதியிலேயே 60 ஆகிவிடுகிறது.

நான்காவது, நீங்கள் படித்த நிறுவனம் உங்கள் கிரெடிட்டுகளை வங்கியில் ஏற்றியிருந்தால்தான் அவை தெரியும். எண் வாங்கிவிட்டோம், கணக்கு திறந்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். உள்ளே இருப்பு என்ன என்பதைப் பாருங்கள். காலியாக இருந்தால் பழைய கல்லூரியின் தேர்வுப் பிரிவை அணுகுங்கள்.

இவை போக, பாடப் பொருத்தம் என்று ஒன்று இருக்கிறது. வணிகவியல் படித்தவர் தமிழ் இலக்கியத்துக்கு மாறினால், மொழிப் பாடங்களும் பொதுப் பாடங்களும் ஏற்கப்படலாம். முதன்மைப் பாடங்கள் பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே அதே பாடத்தில் தொடர்வதே சிக்கனம்.

மதரஸாவில் பயின்றோர் பற்றியும் ஒரு சொல். ஆலிம், ஆலிமா சனது பெற்ற பிள்ளைகளின் பெற்றோர் பலர், "அந்த ஐந்தாண்டுக்கும் கிரெடிட் உண்டா?" எனக் கேட்கிறார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா, மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம் ஆகியவை சில மதரஸாக்களின் சான்றிதழ்களைப் பட்டப்படிப்பில் சேர்வதற்கான தகுதியாக ஏற்கின்றன. அது வாசலைத் திறந்துவிடுவது மட்டுமே. உள்ளே போன பின் கடக்க வேண்டிய ஆண்டுகளை அது குறைப்பதில்லை. சனதின் மதிப்பு வேறு, பல்கலைக்கழகக் கணக்கு வேறு என்று தெளிவதே நலம்.

முன்னே உள்ள மூன்று வழிகள்

முதல் வழி, விட்ட இடத்திலேயே தொடர்வது. பலர் இதை எண்ணிப் பார்ப்பதே இல்லை. வேறிடம் செல்லாவிட்டால் ஈட்டிய கிரெடிட் எதையும் இழக்க வேண்டியதில்லை. பாடத்திட்டம் மாறியிருந்தால் ஒன்றிரண்டு பாடங்கள் கூடலாம். ஆனால் இதற்குக் காலக்கெடு உண்டு. மூன்றாண்டுப் படிப்பை மேலும் இரண்டாண்டுக்குள் முடிக்க வேண்டும், தவிர்க்க இயலாத சூழலில் இன்னும் ஓராண்டு தரலாம் என்பது மானியக் குழு 2014-இல் வகுத்த வழிகாட்டுதல். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஆதலால் முதலில் தட்ட வேண்டிய கதவு பழைய கல்லூரியின் கதவே.

இரண்டாம் வழி, கிரெடிட்டை எடுத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்கு, குறிப்பாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு, மாறுவது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திரா காந்தி பல்கலைக்கழகமும், 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வீட்டிலிருந்தே படிக்க விரும்புவோர்க்கு அறிமுகமானவை. முறையான அங்கீகாரம் பெற்ற தொலைதூரக் கல்விப் பட்டம், நேரடிப் பட்டத்துக்கு இணையாகக் கொள்ளப்படும் என மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. "அஞ்சல்வழிப் படிப்புதானே" என்று இளக்காரமாகப் பேசுவோர்க்கு இது போதிய விடை.

மூன்றாம் வழி, பழையதை மறந்து முதலாண்டிலிருந்து புதிதாகத் தொடங்குவது. கேட்கும்போது நட்டம் போலத் தோன்றும். சில வேளைகளில் இதுவே சிக்கனமாகவும் அமைந்துவிடும். எப்படி என்பதைக் கணக்கே சொல்லும்.

பேனா எடுத்து எழுதுங்கள்

கீழே வருபவை கணக்கு விளங்குவதற்காக நாமே வைத்துக்கொள்ளும் தொகைகள். உங்கள் ஊர், உங்கள் கல்லூரியின் தொகைகளைக் கேட்டறிந்து அவற்றுக்குப் பதிலாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு முடித்து, மணமாகி, கைக்குழந்தையுடன் இருக்கும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். அவர் கையில் 80 கிரெடிட் இருக்கிறது.

அவர் பழைய சுயநிதிக் கல்லூரிக்கே திரும்பி மூன்றாம் ஆண்டை முடித்தால்: ஆண்டுக் கட்டணம் ரூ.30,000. மறுசேர்க்கைக் கட்டணம் ரூ.2,000. பேருந்துக்கு மாதம் ரூ.1,200 வீதம் பத்து மாதத்துக்கு ரூ.12,000. இரு பருவத் தேர்வுக் கட்டணம் ரூ.3,000. நூல்கள் ரூ.2,000. குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் ரூ.2,000 வீதம் ரூ.20,000. பட்டச் சான்றிதழ்ச் செலவு ரூ.1,500. மொத்தம் ரூ.70,500. காலம் ஓராண்டு. பாட்டியோ பெரியம்மாவோ குழந்தையைப் பார்த்துக்கொண்டால் ரூ.50,500.

திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 60 கிரெடிட் ஏற்கப்பட்டால்: மீதி 60. அதாவது நான்கு கிரெடிட் வீதம் 15 பாடங்கள், இரண்டாண்டுகள். ஆண்டுக் கட்டணம் ரூ.6,000 வீதம் ரூ.12,000. தேர்வுக் கட்டணம் பாடத்துக்கு ரூ.200 வீதம் ரூ.3,000. மாற்றுச் சான்றிதழ், மைக்ரேஷன் எனப்படும் இடப்பெயர்வுச் சான்றிதழ், கையொப்பமிட்ட பாடத்திட்ட நகல், கிரெடிட் மாற்றக் கட்டணம் ஆகியவற்றுக்கு ரூ.4,000. வகுப்புக்கும் தேர்வுக்கும் போய்வர ரூ.5,000. கைப்பேசி இணையத்துக்கு மாதம் ரூ.250 வீதம் ரூ.6,000. நூல், நகல், அச்சுச் செலவு ரூ.2,000. ஒரு தாள் தவறினால் மீண்டும் எழுத ஒதுக்கீடு ரூ.1,000. சான்றிதழ் ரூ.1,500. மொத்தம் ரூ.34,500.

அதே பல்கலைக்கழகத்தில் முதலாண்டிலிருந்து தொடங்கினால்: மூன்றாண்டுக் கட்டணம் ரூ.18,000. முப்பது பாடங்களின் தேர்வுக் கட்டணம் ரூ.6,000. பழைய கல்லூரியின் சான்றிதழ்கள் ரூ.1,000. போக்குவரத்து ரூ.7,500. இணையம் ரூ.9,000. நூல் ரூ.3,000. மறுதேர்வு ஒதுக்கீடு ரூ.1,500. சான்றிதழ் ரூ.1,500. மொத்தம் ரூ.47,500.

மாற்றத்தால் மிச்சமாவது ரூ.13,000, கூடவே ஓராண்டுக் காலம். நல்லதுதான். இப்போது ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றிப் பாருங்கள். 60-க்குப் பதிலாக 20 கிரெடிட் மட்டுமே ஏற்கப்படுகிறது என்று கொள்வோம். மீதி 100. இரண்டாண்டில் முடியாது, மூன்றாண்டு ஆகும். மூன்றாண்டுக் கட்டணம் அப்படியே நிற்கிறது. தேர்வுக் கட்டணத்தில் ரூ.1,000 குறைகிறது. ஆனால் மாற்றத்துக்காகச் செய்த செலவு ரூ.3,000 கூடுகிறது. மொத்தம் ரூ.49,500. புதிதாகத் தொடங்குவதைவிட ரூ.2,000 அதிகம்!

இக்கட்டுரையில் நீங்கள் நினைவில் இருத்த வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், அது இதுதான். பல்கலைக்கழகம் கட்டணத்தை ஆண்டுக்கணக்கில் வாங்குகிறது. ஆதலால் ஏற்கப்படும் கிரெடிட்டுகள் ஓர் ஆண்டையோ ஒரு பருவத்தையோ முழுமையாகக் குறைத்தால்தான் உங்கள் பணம் மிஞ்சும். குறைக்காவிட்டால் நான்கைந்து பாடங்கள் இலேசாகும், அவ்வளவே. "எத்தனை கிரெடிட் இருக்கிறது?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எத்தனை ஆண்டு குறையும்?" என்று கேளுங்கள். அந்த விடையை எழுத்தில் வாங்குங்கள். வாங்கிய பின்னரே பணம் கட்டுங்கள்.

நேரத்துக்கும் இவ்வாறே கணக்குப் போட வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி என்றால் 60 கிரெடிட்டுக்கு 1,800 மணி நேரம். இரண்டாண்டுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி. சமையலும் குழந்தையும் மாமியாரின் மருந்துவேளையும் இருக்கும் வீட்டில் இந்த இரண்டரை மணி எங்கிருந்து வரும்? கணவரும் வீட்டாரும் மனமுவந்து கொடுத்தால்தான் வரும். கட்டணத்தைக் கட்டிவிட்டு நேரத்தைக் கொடாதிருப்பது, அரிசி வாங்கித் தந்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க விடாதது போன்றது.

கணக்கில் வராத செலவுகள்

நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு சிக்கல், பெயர். பள்ளிச் சான்றிதழில் பானு, ஆதாரில் பேகம். மதிப்பெண் பட்டியலில் தகப்பனாரின் முதலெழுத்து, வாக்காளர் அட்டையில் கணவரின் பெயர். பாத்திமா என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதிவைத்திருக்கிறோம். கிரெடிட் வங்கிக் கணக்கும், தொலைதூரக் கல்வியில் சேர 2024 முதல் கட்டாயமாக்கப்பட்ட டெப் அடையாள எண்ணும் பெயர்ப் பொருத்தத்தை நம்பியே இயங்குகின்றன. பொருந்தாவிட்டால் திருத்தத்துக்கு அலைய வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பணமும் ஆகும், வாரங்களும் ஆகும். சேர்க்கை தொடங்குமுன்பே இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, பழைய நிலுவை. படிப்பை விட்டுச் சென்றவரிடம் மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கேட்டு, அசல் சான்றிதழ்களைத் தர மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. அஞ்சி ஒதுங்க வேண்டாம். அசல் சான்றிதழ்களை நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும், ஒரு பருவம் அல்லது ஓர் ஆண்டுக்கு மேல் முன்கூட்டிக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பைக் குறிப்பிட்டு எழுத்துவழியாகக் கேளுங்கள். வாய்மொழிக்கு இல்லாத வலிமை கடிதத்துக்கு உண்டு.

வெளிநாட்டிலிருக்கும் கணவரோடு சென்று வாழப்போகும் சகோதரிகள் ஒன்றைக் கேட்டறிய வேண்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மையத்தின் வழியே சேர்வோர்க்குக் கட்டணம் வேறு, அது மிகவும் கூடுதல். பட்டம் பெற்ற பின் அங்கே பயன்படுத்த, வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும், நாட்டுக்கேற்பத் தூதரகச் சான்றொப்பமும் தேவைப்படும். இவற்றையும் பட்டியலில் ஒரு வரியாக எழுதிவையுங்கள்.

பணத்துக்கு வழி

மேலே கண்ட மொத்தத் தொகைகளில் எதுவும் இன்று ஒரு சவரன் தங்கத்தின் விலையை எட்டாது. சீர்வரிசையில் ஒரு சவரன் கூடுதலாகப் போடத் தயங்காத நாம், பாதியில் நின்ற பட்டத்துக்கு அதை ஒதுக்கத் தயங்குகிறோம். இரண்டாண்டில் ரூ.34,500 என்பது மாதத்துக்கு ஏறத்தாழ ரூ.1,440. ஆனால் செலவு மாதாமாதம் சமமாக வராது. சேர்க்கையின்போது கட்டணமும் மாற்றச் செலவும் சேர்ந்து ரூ.10,000 ஒரே வேளையில் தேவைப்படும். ஆகவே சேர்வதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே தனியாக எடுத்துவைப்பது அறிவுடைமை.

வட்டிக் கடனை நாடாமல் இதை முடிக்க வேண்டும் என்பதே நம்மில் பலரின் விருப்பம். இத்தகைய சிறு தொகைகளுக்கு அது இயலக்கூடியதே. உறவினரிடம் வட்டியில்லாக் கைம்மாற்று வாங்கினால், தொகையையும் திருப்பித் தரும் நாளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மஹர் தொகை மனைவிக்கே உரியது. அதிலிருந்து தம் படிப்புக்குச் செலவிட அவர் விரும்பினால் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை. விரும்பாவிட்டால் வற்புறுத்தவும் உரிமை இல்லை.

ஏமாறாதிருக்க

"ஓராண்டில் மூன்றாண்டுப் பட்டம்", "தேர்வு எழுதத் தேவையில்லை, கிரெடிட் நாங்களே ஏற்றித் தருவோம்" என்று சுவரொட்டியிலும் கைப்பேசியிலும் வரும் அழைப்புகளை நம்பாதீர்கள். ஒரு பல்கலைக்கழகம் குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட பாடத்தைத் தொலைதூர வழியில் நடத்த அனுமதி பெற்றிருக்கிறதா என்பதை மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பாருங்கள். நிறுவனத்துக்கு அனுமதி இருந்து, அந்தப் பாடத்துக்கு இல்லாதிருக்கலாம். பொறியியல், மருத்துவம், செவிலியம், சட்டம் போன்ற படிப்புகளுக்குத் தொலைதூர வழியில் அனுமதியே கிடையாது. வேறு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் நம் ஊர்க் கடைத்தெருவில் தொலைதூரக் கல்வி மையம் நடத்தவும் விதியில் இடமில்லை. பணத்தை இடைத்தரகர் கையில் கொடாமல், பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே செலுத்தி ரசீது பெறுங்கள்.

பட்டம் எதற்காக என்பதையும் முதலிலேயே தீர்மானியுங்கள். பி.எட். படித்து ஆசிரியை ஆகவா, அரசுத் தேர்வெழுதவா, அல்லது தொடங்கியதை முடித்தோம் என்ற மனநிறைவுக்காகவா? மூன்றும் நல்ல நோக்கங்களே. ஆனால் பி.எட். சேர்க்கைக்கு முதன்மைப் பாடமும் மதிப்பெண் விழுக்காடும் பார்க்கப்படும். எளிதில் கிரெடிட் ஏற்கிறார்கள் என்பதற்காகப் பொருந்தாத பாடத்துக்கு மாறிவிட்டால், மிச்சமான ஓராண்டுக்கு ஈடாகப் பின்னால் வாய்ப்பையே இழக்க நேரிடும்.

நிக்காஹ் நாள் குறிக்கும் முன்

இறுதியாக, பெண்மக்களைப் பெற்ற பெற்றோர்க்கும், பெண் கேட்டு வருவோர்க்கும் ஒரு வேண்டுகோள்.

நாள் குறிக்க அமரும்போது, மண்டபம் எப்போது கிடைக்கும், மாப்பிள்ளைக்கு எப்போது விடுமுறை என்று பார்க்கிறோம். பெண்ணின் பருவத் தேர்வு எப்போது என்று யாராவது பார்க்கிறோமா? ஏப்ரலில் தேர்வென்றால் மார்ச்சில் நிக்காஹ் வைக்கிறோம். அந்த ஒரு மாதத்தில் ஒரு பருவம் முழுவதும் போய்விடுகிறது. 20 கிரெடிட்டுகள், ஐந்து மாத உழைப்பு, கட்டிய அரையாண்டுக் கட்டணம் அத்தனையும் எந்தக் கணக்கிலும் ஏறாமல் போகின்றன. ஒரு மாதம் தள்ளிவைத்தால் அவை அவருடைய கையிருப்பாகப் பின்னர் உதவக்கூடும்.

மணமான பின் கல்லூரியைத் தொடர இயலாது என்று உறுதியாகிவிட்டால், ஊரை விட்டுப் புறப்படுமுன் மூன்று வேலைகளைச் செய்துவிடச் சொல்லுங்கள். தேறிய பாடங்களின் மதிப்பெண் பட்டியல்களை வாங்கிவிட வேண்டும். கிரெடிட்டுகள் வங்கியில் ஏறியிருக்கின்றனவா எனப் பார்த்துவிட வேண்டும். பாடத்திட்டத்தின் நகலைக் கல்லூரி முதல்வரின் கையொப்பத்துடன் பெற்றுவிட வேண்டும். பாடத்திட்டம் மாறி, ஆசிரியர்கள் ஓய்வு பெற்று, பத்தாண்டுகள் கழிந்தபின் இந்த நகலுக்காக அலைவது பெரும்பாடு. இன்று அது ஒரு முற்பகல் வேலை.

ஏற்கெனவே அந்தக் காலம் கடந்துவிட்ட சகோதரிகளே! நீங்கள் மனம் தளர வேண்டாம். இன்று மாலையே அந்த உறையை எடுத்துத் தூசி தட்டுங்கள். ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதுங்கள். தேறிய பாடங்கள் எவை, எந்த ஆண்டில் தேறினேன், பழைய கல்லூரி இன்னும் என்னை ஏற்குமா, புதிய இடத்தில் எத்தனை ஆண்டு குறையும். முதல் இரண்டுக்கு விடை உங்கள் உறைக்குள்ளேயே இருக்கிறது. மற்ற இரண்டுக்கு இரண்டு கடிதங்கள் போதும். விடை வந்த பின், மேலே கண்டவாறு செலவை எழுதிக் கணவரோடும் பெற்றோரோடும் அமர்ந்து பேசுங்கள். "படிக்க ஆசையாக இருக்கிறது" என்று சொல்வதைக் காட்டிலும், "இவ்வளவு காலம், இவ்வளவு பணம், இன்னின்ன மாதத்தில் தேவை" என்று சொல்லும்போது வீட்டார் காது கொடுத்துக் கேட்பார்கள். கணக்குத் தெரிந்த கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது எளிதன்று.

நான்கு பட்டியல்களோடு நின்றுபோன அந்த உறையில் ஐந்தாவதும் ஆறாவதும் சேரட்டும். அவற்றின் மேல் பட்டச் சான்றிதழும் வந்து அமரட்டும், இன்ஷா அல்லாஹ்.